நீலக் கண் கேட்ட சிறுமி

நேயர்களுக்கு வணக்கம்.

1960-களின் நடுப்பகுதி. நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்ற ஊர். விவாகரத்தான ஒரு கறுப்பினப் பெண் இரண்டு சின்னப் பையன்களோடு அங்கே குடியேறினார். பாடநூல் பதிப்பகம் ஒன்றில் வேலை. பகல் முழுக்க மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்த வேண்டும். மீதி நேரம் பிள்ளைகளுக்கு. அப்புறம் தனக்கென்று எழுத எந்த நேரம் மிச்சம்? பையன்கள் விழித்து "அம்மா" என்று கூப்பிடுவது காலை ஐந்து மணிவாக்கில். அதற்கு முன்னால் உள்ள இருட்டு நேரம்தான் கிடைத்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் டோனி மாரிசன். 'தி புளூயஸ்ட் ஐ' ('மிக நீலமான கண்') என்ற அவருடைய முதல் நாவல் 1970-இல் வந்தபோது அவருக்கு 39 வயது. 1993-இல் நோபல் பரிசு. நடுவே ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்து கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ், குத்துச்சண்டை வீரர் முகமது அலி போன்றவர்களின் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அது தனியாகப் பேச வேண்டிய கதை.

நாவலுக்கு விதை, பள்ளித் தோழி ஒருத்தி சொன்ன ஒரு வார்த்தை. தனக்கு நீல நிறக் கண்கள் வேண்டும் என்றாளாம், அந்தக் கறுப்பினச் சிறுமி. அவள் முகத்தில் நீலக் கண்களைக் கற்பனை செய்து பார்த்ததும் சின்ன வயது மாரிசனுக்கு அருவருப்பாகிவிட்டது. ஒரு குழந்தைக்குத் தன் முகத்தையே வெறுக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? நாவல் முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது.

கதை நடப்பது 1941-இல், மாரிசன் பிறந்த ஒஹையோ மாநிலத்து லொரெய்ன் ஊரில். நீலக் கண்ணுக்கு ஏங்கும் கறுப்பினச் சிறுமி பெக்கோலாவுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் மிட்டாய் வாங்கப் போகிறாள். ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்த மூன்று காசுகளை எடுத்து நீட்டுகிறாள். கடைக்காரருக்கு அந்தக் கையைத் தொட மனமில்லை, தயங்குகிறார். அவள் அவர் கண்களைப் பார்க்கிறாள். அங்கே வெறுமைதான் இருக்கிறது, தன் உருவம் இல்லை. மூன்று காசுக்கு ஒன்பது மிட்டாய். ஒவ்வொரு தாளிலும் நீலக் கண் கொண்ட ஒரு வெள்ளைச் சிறுமியின் படம். அதைத் தின்றால் அந்தக் கண்களையே தின்ற மாதிரி அவளுக்கு.

இதற்கு நேர் எதிர், ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி கிளாடியா. கிறிஸ்துமஸுக்கு நீலக் கண் பொம்மை கொடுத்தால் அதைக் கொஞ்ச மாட்டாள், பிய்த்துப் போடுவாள். இதில் அப்படி என்ன அழகு ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும் அவளுக்கு. கதையைப் பல இடங்களில் அவள் வாய்வழியாகக் கேட்பதால்தான் அவ்வளவு துயரத்தையும் நம்மால் தாங்க முடிகிறது என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு மனதைவிட்டு நீங்காத இடம் வேறொன்று. பெக்கோலாவின் அப்பா வீட்டுக்குத் தீ வைத்துவிட்டதால் அவளைக் கிளாடியா வீட்டில் சில நாள் தங்க வைத்திருக்கிறார்கள். அங்கேதான் அவள் வயதுக்கு வருகிறாள். காலில் வழியும் ரத்தத்தைப் பார்த்து, செத்துப்போய்விடுவேனோ என்று பயப்படுகிறாள். கிளாடியாவின் அக்கா ஃபிரீடா தனக்குத் தெரிந்த அளவில் துணி வைத்துவிடப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரச் சிறுமி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கோள் சொல்ல, கிளாடியாவின் அம்மா குச்சியோடு வந்துவிடுகிறார். ஃபிரீடாவுக்கு அடி விழுகிறது. துணி கண்ணில் பட்டதும்தான் அம்மாவுக்கு விஷயம் புரிகிறது. கோபமெல்லாம் வடிந்து, பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார். பிறகு பெக்கோலாவைக் குளிக்க வைக்கக் குளியலறைக்குக் கூட்டிப்போகிறார். கதவுக்கு வெளியே நிற்கும் சிறுமிகளுக்குத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது. அதற்கும் மேலாக அம்மாவின் சிரிப்புச் சத்தம்.

அன்று இரவு மூவரும் ஒரே படுக்கையில். இனி உனக்குக் குழந்தை பிறக்கலாம் என்கிறாள் ஃபிரீடா. எப்படி என்று கேட்கிறாள் பெக்கோலா. யாராவது உன்னை நேசிக்க வேண்டும் என்று பதில் வருகிறது. கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். அப்புறம் பெக்கோலா இன்னொன்று கேட்கிறாள்: ஒருவர் நம்மை நேசிக்க நாம் என்ன செய்ய வேண்டும்? ஃபிரீடா தூங்கிவிட்டாள். கிளாடியாவுக்குப் பதில் தெரியவில்லை.