பெற்றோரை வெறுக்கச் சொல்கிறதா வேதம்? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து மூன்று கேள்விகள்

(திரையில்: திறந்திருக்கும் பழைய வேதாகமம். லூக்கா 14:26 மட்டும் அருகில் தெரிகிறது.)

"யாதொருவன் என்னிடத்தில் வந்து, தன் தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் சகோதரரையும் சகோதரிகளையும், தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்."

குடும்பத்தில் ஒருவர் மட்டும் சபைக்குப் போகும் வீடுகளில் இந்த வசனம் பெரிய காயத்தை உண்டாக்கும். "உங்க சாமியே பெத்தவங்கள வெறுக்கச் சொல்லுதாமே" என்று வீட்டார் கேட்பார்கள். இவருக்குப் பதில் வராது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. இந்த வசனத்தையே காரணம் காட்டி, படுத்திருக்கும் தாயைப் பார்க்கப் போகாமல் இருப்பது. ஆகவே இதை நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் வசனத்தைக் கடைசிவரை படியுங்கள். பட்டியல் சகோதரிகளோடு முடியவில்லை, "தன் ஜீவனையும்" என்று போகிறது. தன் உயிரை வெறுப்பது என்றால் உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உயிரே போனாலும் பின்வாங்கக் கூடாது என்றுதான் புரிந்துகொள்கிறோம். அதே வாக்கியத்தில், அதே வினைச்சொல்லோடு நிற்கும் தகப்பனுக்கும் தாய்க்கும் மட்டும் வேறு அர்த்தம் கொடுப்பது நியாயமில்லை.

(திரையில்: இரண்டு தமிழ் வேதாகமங்கள் பக்கத்தில் பக்கத்தில்.)

அடுத்து, இன்னொரு மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். கத்தோலிக்கர் வீடுகளில் இருக்கும் திருவிவிலியம், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் இந்த இடம், பெற்றோரையும் மற்றவர்களையும் "என்னைவிட மேலாகக் கருதினால்" என்று இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் "வெறுக்காவிட்டால்", அடுத்த வீட்டில் "மேலாகக் கருதினால்". கிரேக்க மூலத்தில் இருப்பது "வெறு" என்ற சொல்தான். முதலில் நாம் படித்த பழைய மொழிபெயர்ப்பு சொல்லை அப்படியே வைத்தது, திருவிவிலியம் அதன் கருத்தை எடுத்து வைத்தது. மத்தேயு 10:37 அந்தக் கருத்துக்குத் துணை நிற்கிறது: "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல."

அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? எபிரெய வழக்கிலிருந்து. இரண்டு பேரில் ஒருவரை முன்வைத்து மற்றவரைப் பின்வைத்தால், ஒருவரை நேசித்தான், மற்றவரை வெறுத்தான் என்று சொல்வார்கள். ஆதியாகமம் 29:30-ஐப் பாருங்கள். யாக்கோபு லேயாளைப் பார்க்கிலும் ராகேலை அதிகமாய் நேசித்தான். அடுத்த வசனத்திலேயே எபிரெயத்தில் லேயாள் "வெறுக்கப்பட்டாள்" என்று வருகிறது. அந்த லேயாளுக்குத்தான் யாக்கோபு ஆறு மகன்களையும் ஒரு மகளையும் பெற்றான்.

இங்கேதான் பலரும் சறுக்குவது. ஒத்தவாக்கியத்தை, அதாவது எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதியை, எடுத்து "வெறுப்பு" என்ற சொல்லைத் தேடினால் லேயாள் அகப்படமாட்டாள். பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று மென்மையாக்கிவிட்டது. மூலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு சொல். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கு வேதாகமம் இருந்தால் இரண்டு இடத்தையும் திறந்து பாருங்கள். லேயாள் வசனத்திலும் "துவேஷம்", லூக்கா 14:26-லும் "துவேஷம்". தமிழில் அறுந்துபோன நூல் அங்கே அறுபடாமல் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இதே அதிகாரத்தில் உண்டு. லூக்கா 14:33, "உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால்" என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது வேறு சொல். விடைபெற்று விலகுவது என்று பொருள். மூலத்தில் இரண்டு சொல், தமிழில் ஒன்று. தமிழ்ச் சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு வசனத்தையும் முடிச்சுப் போட்டால் தப்பாகிவிடும்.

அதற்காக, "கொஞ்சம் குறைத்து நேசி" என்றுதான் இயேசு சொன்னார் என்று தண்ணீர் ஊற்றுவதும் சரியில்லை. 28-ஆம் வசனத்தில், கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறான். வீட்டார் தடுத்தாலும் வருவாயா என்ற கேள்வி அங்கே நிற்கிறது. ஆனால் தாய் தகப்பனைக் கைவிடுவதற்கு இதில் அனுமதி இல்லை. மாற்கு 7:10 முதல் 13 வரை படியுங்கள். "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதை நிறுத்தியவர்களை இயேசுவே கண்டிக்கிறார். 1 தீமோத்தேயு 5:8, தன் வீட்டாரை விசாரியாதவனை "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்கிறது. வீட்டார் கேட்டால் இந்த இரண்டு இடத்தையும் திறந்து காட்டுங்கள். காட்டிவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போங்கள்.

(திரையில்: கிருஷ்ணகிரி மாந்தோப்பு. செந்தளிர் விட்ட ஒரு கிளை, பூவெடுத்த ஒரு கிளை.)

இரண்டாவது கேள்வி மாற்கு 11:13. காலமல்லாத காலத்தில் இயேசு அத்திமரத்தில் பழம் தேடி, இல்லை என்றதும் அதைச் சபிப்பது நியாயமா?

நம் ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி கூடுதல் பலத்தோடு வருகிறது. காரணம், நமக்குத் தெரிந்த மரங்கள். மாமரத்தில் பூவெடுக்கும் பருவத்தில் ஒரு கிளை பூவுக்குப் பதில் தளிர் விட்டால், அந்தக் கிளையில் அந்த வருஷம் காய் எதிர்பார்க்க முடியாது. இலைதான் இருக்கிறது, காய் இல்லை என்றால் நமக்கு அது சாதாரணம். நம் ஓடைக்கரை அத்தியோ அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. வேதத்தில் வருவது அது இல்லை, சீமை அத்தி.

சீமை அத்தியின் கணக்கு வேறு. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். இந்தச் சம்பவம் நடந்த பஸ்கா பண்டிகை வரும் மார்ச், ஏப்ரலில் இலை விடும்போது, போன வருஷத்துக் கிளையிலேயே சிறு பச்சைப் பிஞ்சுகளும் வரும். அவை ஜூன் வாக்கில் பழுக்கும். புதுக்கிளையில் வரும் பெரிய மகசூல் ஆகஸ்டுக்கு மேல்தான். உன்னதப்பாட்டு 2:13-இல் "அத்திமரம் காய்காய்த்தது" என்று வசந்தகாலத்தைச் சொல்வது இந்தப் பிஞ்சைத்தான். எருசலேமுக்குப் போகும் அதே வழியில் உள்ள பெத்பகே என்ற ஊரின் பெயருக்கே "பிஞ்சு அத்தியின் வீடு" என்று பொருள் சொல்வதுண்டு. ஆகவே பழக்காலம் இல்லை என்பதும் உண்மை, இலை நிறைந்த மரத்தில் பிஞ்சாவது இருந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. பிஞ்சே இல்லாமல் இலை மட்டும் என்றால் அந்த வருஷம் அது மலட்டு மரம்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு சங்கதி இருக்கிறது. "அத்திப்பழக் காலமாயிராதபடியால்" என்பது தமிழில் வசனத்தின் நடுவில் வருகிறது. கிரேக்கத்தில் அது வசனத்தின் கடைசியில், தனியாக ஒரு குறிப்பு மாதிரி நிற்கிறது. வாசகர் இயேசுவின் பசியோடு நின்றுவிடாமல் வேறு எதையோ பார்க்கவேண்டும் என்றுதான் மாற்கு அதைச் சொல்கிறார் என்பது எங்கள் கணிப்பு. எதைப் பார்க்க? 12 முதல் 14 வரை மரம். 15 முதல் 19 வரை எருசலேம் தேவாலயத்தில், காசு மாற்றும் காசுக்காரரின் பலகைகளை இயேசு கவிழ்க்கிறார். 20-ஆம் வசனத்தில் மறுபடி மரம், வேரோடே பட்டுப்போய். தேவாலயத்தை மரக்கதையின் நடுவில் வைத்துச் சொல்கிறார். அங்கே இயேசு சொல்லும் "கள்ளர் குகை" எரேமியா 7:11-இலிருந்து வருகிறது. அங்கிருந்து ஒரு பக்கம் தள்ளினால் எரேமியா 8:13: "அத்திமரத்திலே பழங்கள் இராது, இலையும் உதிரும்." மரத்தின் மேல் விழுந்த தீர்ப்பு, இலை மட்டும் தழைத்திருந்த ஆலயத்துக்கானது. அந்த ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்பட்டது.

(திரையில்: மத்தேயு 27:5, அப்போஸ்தலர் 1:18.)

மூன்றாவது சின்னது. இயேசுவை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படி இறந்தான்? மத்தேயுவில் "நான்றுகொண்டு செத்தான்". இளையவர்கள் பலருக்கு இந்தச் சொல்லே தெரியவில்லை. நான்றுகொள்வது என்றால் தூக்குப் போட்டுக்கொள்வது. அப்போஸ்தலரில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்று இருக்கிறது. கயிறு அறுந்து விழுந்தான் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நடந்திருக்கலாம், ஆனால் கயிறு அறுந்தது என்று இரண்டு இடத்திலும் எழுதவில்லை. அதை வசனம் போலச் சொல்லாதீர்கள். அந்தக் காசில் நிலம் வாங்கியதிலும் இதே மாதிரி வித்தியாசம். மத்தேயுவில் ஆசாரியர் வாங்குகிறார்கள், அப்போஸ்தலரில் அவனே சம்பாதித்தான். பணம் அவனுடையது, வாங்கிய கை அவர்களுடையது என்று படிக்க இடம் இருக்கிறது. நிலத்தின் பெயரில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்: இரத்தநிலம், அக்கெல்தமா.

மத்தேயு 27:9 இந்த முப்பது வெள்ளிக்காசை எரேமியா சொன்னதாகச் சொல்கிறது. ஆனால் வெள்ளிக்காசு வருவது சகரியா 11-இல். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான். அதற்கு முன் சகரியா 11:12, 13, எரேமியா 19, எரேமியா 32:6 முதல் 9 வரை, மூன்றையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். குயவன் எங்கே வருகிறான், நிலம் எங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.