டைல்ஸ் பிளவுஸ் வந்தாச்சு! அந்த 40 வெள்ளி சண்டையும் சொல்றேன்

மக்களே வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடும், ஸ்டாண்ட தம்பி தூக்கிட்டுப் போயிட்டான். போன வீடியோவுல நான் கத்துனதப் பாத்துட்டு, "டைல்ஸ் டிசைன் துணிமேல உங்களுக்கு என்னக்கா பகை"ன்னு கேக்குறீங்க. பகையா? அவ்ளோ புடிக்கும், அதான் கோவமே.

இங்க பாருங்க. கிட்ட காட்டுறேன். பூவச் சுத்தி இந்தக் கோடு மேடா நிக்குதா? தடவுனா விரல்ல தட்டுது. இதுக்குத்தான் இவ்ளோ அலைச்சல்.

நம்ம சிங்கப்பூர்ல ஜூ சியாட் பக்கம், கூன் செங் ரோட்டுல வீட்டுச் சுவர்ல பாக்குறோமே, பெரனாக்கான் டைல்ஸ். பெரனாக்கான்னா, பல தலைமுறைக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்து மலாய் பழக்கத்தோட கலந்துட்ட சீனக் குடும்பங்க. ஆனா டைல்ஸ செஞ்சது அவங்க இல்ல. மொதல்ல இங்கிலாந்து, பெல்ஜியம்னு ஐரோப்பாலேர்ந்து வந்துச்சு. முதல் உலகப் போருக்கு அப்புறம் ஜப்பான்காரங்க மார்க்கெட்டப் புடிச்சுட்டாங்க. பெரும்பாலும் ஆறங்குலச் சதுரம். அச்சுல அழுத்தும்போதே பூவோட ஓரம் வயல் வரப்பு மாதிரி எழும்பிரும். ஒரு கலர் இன்னொரு கலருக்குள்ள ஓடாம தடுக்குறது அதுதான். பள்ளத்துல கிளேஸ், அதான் மேல ஊத்துற கண்ணாடிப் பூச்சு, தேங்கி கருத்துக்கும், மேட்டுல வெளுத்துரும். ஊத்துனது ஒரே பச்சை, கண்ணுக்கு மூணு பச்சை!

இத துணியில கொண்டுவரேன்னு ஒரு கடையில என்ன பண்ணிருக்காங்க தெரியுமா? பாலியஸ்டர்ல ஃபோட்டோ பிரிண்ட். டைல்ஸ்மேல அடிச்ச வெயில் பளபளப்பையும் சேத்து அச்சடிச்சு, நெஞ்சுக்கு நேரா ஒரு வெள்ளத் திட்டு. 89 வெள்ளி! நாலு டைல் சேந்தாத்தான் வட்டம் முழுசாகுற டிசைன், அத சைடு தையல்ல பாதியா வெட்டி விட்டுருக்காங்க. கடை பேரு சொல்லமாட்டேன், கேக்காதீங்க.

அதான் லிட்டில் இந்தியா தேக்கா மார்க்கெட் மாடியில நம்ம தையல்கார அக்காகிட்டயே போனேன். ஃபோட்டோவ பாத்ததும், "இதுக்கு பிரிண்ட் எதுக்கும்மா, ஆரி எம்ப்ராய்டரி போட்டுருவோம்"னாங்க. கோட்டுமேல தடியான நூல வெச்சு சங்கிலித் தையல்ல புடிச்சுட்டாங்க, அதுதான் மேடு. உள்ள ரெண்டு பச்சை பட்டு நூல், கோட்டோரம் கருப்பா, நடுவுல வெளுப்பா. சொல்லிக்குடுக்கவே வேணாம், அவங்களுக்கே புரிஞ்சுது.

இப்ப காசு. ஆரிக்கு 180. சரி, கை வேலை. அப்புறம் கூட ஒரு 40 வெள்ளியாம்! எதுக்கு? முதுகுல கொக்கி போடுற எடத்துல பூ முழுசா சேரணும்ல, அதுக்கு. நான் விடல. பேசுறேன், பேசுறேன், பக்கத்துக் கடை ஆன்ட்டி நாற்காலியத் திருப்பிப் போட்டு வேடிக்கை பாக்குறாங்க. கடைசியில 35! அந்த அஞ்சு வெள்ளியில கீழ எறங்கி தே தாரிக், அதான் இழுத்து ஆத்துன பால் டீ, குடிச்சேன், அதுமாதிரி ஒரு டீ குடிச்சதே இல்ல. ஆனா கொக்கி மாட்டிட்டுத் திரும்புறேன் பாருங்க... சேருது! ஒரு நூல் கூட விலகல.

அய்யோ, எந்த டைல்னே சொல்லல. பெட்டேய்ன் ரோடு. லிட்டில் இந்தியா முஸ்தபா கடையிலேர்ந்து நடக்குற தூரம்தான், 1930ல கட்டுன 18 வீடு வரிசையா நிக்கும். அங்க தூண்ல எடுத்த ஃபோட்டோ. ஜனங்க குடியிருக்குற எடம், வாசப்படியில ஏறி போஸ் குடுக்காதீங்க.

அப்புறம் "செட்டிநாட்டு ஆத்தங்குடி டைல்ஸும் இதுவும் ஒண்ணுதானே"ன்னு கமெண்ட்ல ஒருத்தர். இல்லவே இல்ல! ஆத்தங்குடி கண்ணாடிமேல வார்க்குற சிமெண்ட் கல்லு, சூளையே பாக்காது. கலர் சமமா, தட்டையா இருக்கும். அத காட்டன்ல பிரிண்ட் பண்ணுனா நானே வாங்குவேன், ஏன்னா அது தட்டைதான். ஆனா செட்டிநாட்டு வீட்டுச் சுவர்லயும் ஜப்பான் டைல்ஸ் இருக்கு, காரைக்குடி பக்கம் போறவங்க தடவிப் பாருங்க.

இப்படி டிசைன துணிக்குக் கொண்டுவர்றது புதுசும் இல்ல. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல பெரனாக்கான் மியூசியம் 2023ல திரும்பத் திறந்தாங்கல்ல, அங்க நோன்யா பீங்கான் இருக்கும், நோன்யான்னா பெரனாக்கான் பொம்பளைங்க. சீனாவுல ஜிங்டெஜென்ல செஞ்சது. அதுல இருக்குற அதே பீனிக்ஸ் பறவை, பியோனிப் பூ நோன்யாக்களோட மணிவேலையிலயும் தையல்லயும் வரும். ஒவ்வொரு மணியா கோத்துருக்காங்க, ஃபோட்டோ புடிச்சு ஒட்டல.

இதுக்கு பிளைன் சேலைதான், பார்டர்லயும் டைல்ஸ் வேணாம், அசிங்கமா இருக்கும். பாட்டில் பச்சையா, கடுகு மஞ்சளான்னு கமெண்ட்ல போடுங்க. அம்மா மஞ்சள்ங்குறாங்க. நீங்களும் மஞ்சள்னு போட்டா பின் பண்ணமாட்டேன், ஆமா.