சறுக்குமரத்தில் தள்ளிவிடும் பிள்ளைகள்: ஒரு தாயின் கேள்வி

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தாய் அனுப்பிய கேள்வி இரண்டு நாட்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. மூன்றரை வயது மகளை மாலையில் பாரதி பூங்காவுக்கு அழைத்துப் போகிறார். சறுக்குமரத்தில் அவள் முறை வரும்போதெல்லாம் ஒரு பையன் இடித்துக்கொண்டு முந்தி ஏறிவிடுகிறானாம். அவள் வாய் திறப்பதில்லை. ஓடி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள். "திருப்பி அடி" என்கிறார் அப்பா. "இனிமேல் பூங்காவே வேண்டாம்" என்கிறார் பாட்டி. "நான் எதைச் சொல்லிக்கொடுப்பது அம்மா?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் தாயே. தன்னைவிடப் பெரிய பையனை அவள் எப்படி அடிப்பாள்? அடியும் வாங்கி, அப்பா சொன்னதைச் செய்ய முடியவில்லையே என்ற வருத்தமும் சேர்ந்துகொள்ளும். பூங்காவை நிறுத்தினாலோ, தள்ளியவனுக்கு ஏணி, தள்ளப்பட்டவளுக்கு வீடு என்றாகிவிடும்.

என் பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஆம், வாயில் ஒரு சொல் வேண்டும். "என் முறை." இந்த இரண்டு சொல் போதும். அதைப் பூங்காவில் சொல்லிக்கொடுக்க முடியாது, அழுகிற குழந்தைக்குப் பாடம் ஏறாது. வீட்டு மாடிப்படியில் பழக்குங்கள். அவள் முதல் படியில் நிற்கட்டும், நீங்கள் முந்த வாருங்கள். அவள் காலை ஊன்றி, உள்ளங்கையை நீட்டி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் "என் முறை" என்று சொல்லட்டும். உடனே நீங்கள் பின்வாங்க வேண்டும். தன் சொல்லுக்கு ஒரு பெரிய ஆள் நகர்வதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இடம் மாறி, நீங்கள் சொல்லுங்கள், அவள் நகரட்டும்.

பூங்காவில் பெஞ்சில் உட்காராதீர்கள். ஏணியிலிருந்து இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். ஏணி உச்சியில் யாராவது தள்ளினால் சொல்லுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, எட்டிப் பிடித்துவிடுங்கள். கீழே வரிசையில்தான் என்றால் ஒரு மூச்சு பொறுங்கள். அவளுக்குக் குரல் வரவில்லையென்றால் பக்கத்தில் குனிந்து, அந்தப் பையனிடம், "தம்பி, இப்போது பாப்பா முறை, அடுத்தது நீ" என்று சொல்லுங்கள். அவனை முரடன் என்று சொல்லிவிடாதீர்கள். 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறு பிள்ளைகள் முதலில் அருகருகே தனித்தனியாக விளையாடி, பிறகே கூடி விளையாடப் பழகுகிறார்கள் என்று எழுதினார். முறை காத்தல் பிறவியில் வருவதில்லை, அவனும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

நானே ஒருமுறை தவறிவிட்டேன். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பேரன் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய பிள்ளை வாளியைப் பிடுங்கியது. நான் பாய்ந்துபோய் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை முழுவதும் அவன் வாளியை என் மடியில் வைத்துவிட்டு, அதைத் தொடவே இல்லை. பாட்டி இருந்தால்தான் வாளி என்று அவனுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அந்தத் தாய் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வீட்டில் அந்தக் குழந்தையின் "வேண்டாம்" செல்லுபடியாகிறதா? விருந்துக்கு வந்த மாமா கன்னத்தைக் கிள்ளுகிறார், அவள் முகத்தைத் திருப்புகிறாள். "மாமாதானே, ஒரு முத்தம் கொடு" என்று நாமே பிடித்துக் கொடுக்கிறோம். போதும் என்று தள்ளிய சோற்றை வாயில் திணிக்கிறோம். வீட்டில் பத்து முறை தோற்ற சொல் சறுக்குமரத்தில் எப்படி எழும்பும்? அடுத்த முறை மாமா வரும்போது, "அவளைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள் அண்ணா" என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். அவர் சற்று முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிறகு பூங்காவுக்குப் போய்வந்து, ஏணியடியில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.