வாணலி கேட்டால் கொக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

எஜமானி வாணலியைக் கேட்கிறாள். ஒன்பது வயதுச் சிறுமி, அடுப்பில் பாத்திரம் மாட்டும் கொக்கியைக் கொண்டுவந்து நிற்கிறாள். அவளுக்குத் தெரிந்தது டச்சு மட்டும். அந்த வீட்டிலோ ஆங்கிலம். புரியாததற்கெல்லாம் அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குச்சிகளைக் கட்டாகக் கட்டி, ரத்தம் வழிய அடித்தார்கள்.

1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த இசபெல்லாதான் அந்தச் சிறுமி. ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலம் போனவள். பிற்காலத்தில் சோஜர்னர் ட்ரூத் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு, அடிமைமுறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் மேடையேறிப் பேசியவர். அடிமைமுறை என்றதும் அமெரிக்கத் தெற்கின் பருத்திக்காடுகள்தான் நம் நினைவுக்கு வரும். வடக்கேயும் மனிதர்களை விற்றார்கள்.

1827 ஜூலை 4-இல் நியூயார்க்கில் அடிமைமுறை முடியப்போகிறது. ஒரு வருஷம் முன்னாலேயே விட்டுவிடுகிறேன் என்ற எஜமான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. 1826 கடைசியில், விடியும் முன்பே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இசபெல்லா நடந்தே வெளியேறினார்.

அப்புறம்தான் தெரிந்தது, ஐந்து வயது மகன் பீட்டர் கைமாறிக் கைமாறி அலபாமாவுக்குப் போய்விட்டான் என்று. அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே விற்கச் சட்டம் இடம்தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கோர்ட்டுப் படியேறினார். 1828-இல் வழக்கில் ஜெயித்தார். ஒரு வெள்ளைக்காரர் மேல் கறுப்பினப் பெண் வழக்குப் போட்டு வெல்வது அன்றைக்கு மிக அபூர்வமான விஷயம்.

ஆனால் கோர்ட்டில் பிள்ளை, "இவள் என் அம்மா இல்லை" என்று கதறினான். பயம் அவனை அப்படிச் சொல்ல வைத்தது. பிறகு அவன் முதுகைப் பார்த்தார். விரல்களை ஒட்டி வைத்தாற்போல் வரிவரியாகத் தழும்புகள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

1851-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில், பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். அந்தப் பேச்சு அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் வந்தது. 12 வருஷம் கழித்து இன்னொருவர் அதைத் தெற்கத்தி அடிமைகளின் கொச்சையில் எழுதி வெளியிட்டார், அதுதான் பரவியது. டச்சில் பேசி வளர்ந்தவருக்கு அந்தக் கொச்சை எங்கிருந்து வரும்? சிறுவயதில் ஆங்கிலம் தெரியாததற்கு அடித்தார்கள். பெரியவரானதும் அவருடையதல்லாத ஓர் ஆங்கிலத்தை அவர் வாயில் திணித்தார்கள்.

தன் புகைப்படங்களை விற்றும் அவர் பிழைத்தார். மடியில் நூலும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்திருப்பார். கீழே அவர் பெயரில் ஒரு வரி: நிஜத்தைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன்.