சிறகவரையை ஆடில போடுங்க, அப்புறம் எறாவோட போடுங்க
(வியாசர்பாடி மாடித்தோட்டக் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கரகரங்குது, பின்னாடி கேக்குதா? சரி.

சிறகவரை நம்ம மார்க்கெட் பக்கம் வந்து பாத்திருக்க மாட்டீங்க. நாலு மூலையிலயும் ரெக்கை வச்ச பச்சைக் காய். பர்மாலேர்ந்து வந்த குடும்பத்துப் பாட்டிங்க யாராவது இங்க இருந்தா அவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அங்க இதோட கிழங்கையே அவிச்சு சாப்பிடுவாங்க. இலை, பூ, காய், விதை எல்லாமே சமைக்கலாம். விதைல கிட்டத்தட்ட சோயா அளவுக்கு புரோட்டீன் இருக்குன்னு 1975ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி இதுக்குன்னே தனி ரிப்போர்ட் போட்டுச்சு, அப்ப பெரிய பேச்சு, அப்புறம் பெருசா ஒண்ணும் நடக்கல. ஏன்னா பந்தல் வேணும், காய் மொத்தமா ஒரே நேரத்துல முத்தாது, ஏக்கர் கணக்குல போடுறவங்களுக்கு அது தலைவலி. நமக்கு அதுதாங்க வசதி, ரெண்டு நாளைக்கு ஒரு பிடி காய் வந்தா போதாதா?

இப்ப முக்கியமான விஷயம். மாசி பங்குனில விதை போடுறாங்க, கொடி கைப்பிடிச்சுவர் ஏறி பக்கத்து வீட்டுக்கே போயிடுது, ஆனா பூ இல்ல, உடனே விதை குடுத்தவங்களுக்கு திட்டு. இது பகல் குறைஞ்சாத்தான் பூக்குற ஜாதி. சென்னைல ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரந்தான், செடிக்கு அது போதும். ஆடில போடுங்க, ஐப்பசி கார்த்திகைல பூ பாப்பீங்க. ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் அடிக்கிற மூலை மட்டும் வேணாம், பகல் இன்னும் முடியலன்னு அது பாட்டுக்கு இலை விட்டுக்கிட்டே இருக்கும்.

விதைத்தோல் கல்லு மாதிரி, ராத்திரி ஊறப்போட்டு நடுங்க. பெயிண்ட் பக்கெட் போதும், அடில ஓட்டை போட்டுடுங்க, இல்லன்னா மழைல வேர் அழுகிடும். யூரியா வேணாம், வேர்ல முடிச்சு கட்டி காத்துல இருக்குற நைட்ரஜனை அதுவே எடுத்துக்கும். தண்ணிதான் நம்ம ஏரியா பிரச்சனை. போர் தண்ணி உப்பா இருந்தா ஊத்தாதீங்க. வீணாப் போகுதேன்னு ஆர்ஓ மெஷின் கழிவுத்தண்ணிய புடிச்சு ஊத்துறாங்க பாருங்க, அது அதைவிட மோசம், வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. அரிசி களைஞ்ச தண்ணி தாராளமா ஊத்துங்க.

காய் விரல் நீளத்துக்கு வந்ததும் பறிச்சிடணும், மடிச்சா படக்குன்னு உடையணும், நார் வந்துட்டா விதைக்கு விட்டுடுங்க.

சமையலுக்கு வருவோம். புதுக் காய்னா பசங்க தட்டை தள்ளுவாங்க, அதனால முதல் தடவை சும்மா பொரியல் பண்ணி நீட்டாதீங்க. காசிமேட்டு எறா வாங்கி வெங்காயம் தக்காளி போட்டு தொக்கா சுருட்டி, எறக்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி காயை நறுக்கிப் போடுங்க, மொறுமொறுப்பு போகக்கூடாது. சைவம்னா அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், அந்தப் பக்குவம் இருக்கு: கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, மெல்லிசா அரிஞ்சு, பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாத்தூள், கொஞ்சம் தட்டை நொறுக்கி கையால பிசைஞ்சா நூடுல்ஸே தேவையில்ல, என்னக் கேட்டா கடை அத்தோவ விட இதான் டேஸ்ட். முத்தின விதைய மட்டும் பச்சையா வாயில போடாதீங்க, ஊறவச்சு நல்லா வேகவைக்கணும்.

விதை டேபிள் மேல இருக்கு, ஆளுக்கு நாலு எடுத்துக்கோங்க, இன்னைக்கே போட்டுடாதீங்க.