கந்தல் துணிக் கட்சி

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விசுவாசத்தை நமக்கு அதிகம் கற்றுத் தருவோர் வேதாகமத்தின் பெரிய தலைவர்களா, அதிகம் அறியப்படாத சிறியவர்களா என்பது இன்றைய தலைப்பு. நாங்கள் சிறியவர்களின் பக்கம். எதிரணியில் பேசிய அக்கா அழகாகப் பேசினார். ஆபிரகாமை மோரியா மலைக்கு ஏற்றினார், மோசேயின் கோலால் கடலைப் பிளந்தார், தாவீதின் கவணால் கோலியாத்தை விழுத்தினார். எல்லாம் சரி. முடிக்கும்போது எங்கள் பக்கம் திரும்பி ஒரு பகிடி விட்டார். "எங்களிடம் கோல் இருக்கிறது, கவண் இருக்கிறது. அவர்களிடம் எபெத்மெலேக் என்று ஒருவர் இருக்கிறார். அவர் என்ன செய்தார்? பழந்துணி பொறுக்கினார். அவர்கள் கந்தல் துணிக் கட்சி!" மண்டபமே சிரித்தது.

அக்கா, அந்தப் பெயரை நாங்கள் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறோம். பார்வோனுக்குப் பயப்படாமல் ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் பற்றிப் பேச நினைத்திருந்தேன். நாகமான் வீட்டு வேலைக்காரச் சிறுமியைப் பற்றியும் சொல்ல இருந்தேன். அவர்களை என் அணித் தம்பி பார்த்துக்கொள்வார். நான் அந்தக் கந்தல் துணியை எடுத்துக்கொள்கிறேன்.

எரேமியா புத்தகம், 38ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகருக்குள் அப்பம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பாபிலோனியரிடம் சரணடைகிறவன் பிழைப்பான், இங்கே இருப்பவன் சாவான் என்று தீர்க்கதரிசி எரேமியா சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிரபுக்களுக்குக் கோபம். சிதேக்கியா ராஜாவிடம் போய் இந்த மனிதனைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். ராஜா என்ன சொன்னார்? அவன் உங்கள் கையில் இருக்கிறான், உங்களை எதிர்த்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். முடி சூடிய ராஜா சொன்ன பதில் அது! அவர்கள் எரேமியாவைக் கயிற்றில் கட்டி, காவல் முற்றத்தில் இருந்த ஒரு துரவுக்குள் இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, சேறுதான். எரேமியா அந்தச் சேற்றில் புதைந்தார்.

அந்த நேரம் எருசலேமில் எத்தனை இஸ்ரவேலர் இருந்திருப்பார்கள்? ஆசாரியர்கள் இருந்தார்கள், பிரபுக்கள் இருந்தார்கள். இந்த அதிகாரத்தில் எரேமியாவுக்காக ராஜாவிடம் போய் வாய் திறந்தவர் ஒருவர்தான். அவர்தான் எபெத்மெலேக், அரண்மனையில் வேலை செய்த ஓர் எத்தியோப்பியர். ஊரும் அவருடையதல்ல, சனமும் அவருடையதல்ல. ராஜா பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பலர் பார்க்கிற இடம். அங்கே போய், இந்த மனிதர்கள் செய்தது தீமை, அவர் பட்டினியால் சாகப்போகிறார் என்கிறார். பிரபுக்களின் காதுக்குப் போனால் அடுத்த துரவு இவருக்குத்தான். ராஜா மனமிளகி, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவரைத் தூக்கிவிடு என்கிறார்.

இனித்தான் அக்கா சிரித்த இடம்.

ஆள் இருக்கிறது, கயிறு எடுக்கலாம், ராஜ கட்டளையும் கையில் இருக்கிறது. நேரே துரவுக்கு ஓட வேண்டியதுதானே? அவர் ஓடவில்லை. அரண்மனைப் பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போனார். கிழிந்த பழம்புடவைகளையும் கந்தைத் துணிகளையும் எடுத்தார். கயிற்றோடு அவற்றையும் கீழே இறக்கினார். இறக்கிவிட்டு எரேமியாவிடம் சொல்கிறார்: இந்தத் துணிகளை உம்முடைய அக்குளில் கயிற்றுக்கு அணையாக வைத்துக்கொள்ளும்.

இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் நாம் இதை வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். துணி எடு என்று ராஜா சொல்லவில்லை. முப்பது பேரில் ஒருவர் நினைவூட்டியதாகவும் வேதத்தில் இல்லை. சிதேக்கியா யார்? பிரபுக்கள் கேட்டால் கொல்லச் சம்மதிப்பார், எபெத்மெலேக் கேட்டால் காப்பாற்றச் சொல்வார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வந்து கேட்டால்? ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. அந்த ஆபத்தான நிமிடங்களைச் செலவழித்து அவர் கந்தல் தேடினார்! வெறும் கயிற்றால் இழுத்திருந்தாலும் எரேமியா வெளியே வந்திருப்பார். சேறு கீழே இழுக்க, முப்பது பேர் மேலே இழுக்க, பட்டினியால் மெலிந்த உடம்பின் அக்குளில் அந்தக் கயிறு எப்படி அறுத்திருக்கும் என்று மேலே நின்ற ஒருவர் யோசித்தார். தனக்கு வலிக்கும் முன்பே மற்றவனுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்தார்.

கொழும்புப் புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மூட்டை தூக்கும் நாட்டாமி அண்ணன்மார் தலையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். சும்மாடு. அந்தத் துணியைப் பார்த்துச் சிரிக்கிறவர் ஒருநாளும் மூட்டை தூக்கியிருக்க மாட்டார். எபெத்மெலேக் ஒரு தீர்க்கதரிசியின் அக்குளுக்குச் சும்மாடு கொடுத்தவர்.

சரி, இது இரக்கம், இதில் விசுவாசம் எங்கே என்று அக்கா கேட்பார். அடுத்த அதிகாரத்தைத் திறவுங்கள். கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது. அந்த அழிவு வருமுன்பே இந்த மனிதருக்கென்று கர்த்தர் எரேமியாவிடம் ஒரு செய்தி கொடுத்திருந்தார். உன்னைத் தப்புவிப்பேன், நீ பட்டயத்துக்கு இரையாக மாட்டாய், ஏனென்றால் நீ என்னை நம்பினாய். நீ துணி கொடுத்தாய் என்று கர்த்தர் சொல்லவில்லை, நீ என்னை நம்பினாய் என்றார். அக்கா பழந்துணி என்று கண்டதைக் கர்த்தர் விசுவாசம் என்று கண்டார். இந்த மேடையில் இதற்கு மேல் எனக்கு ஒரு சாட்சி வேண்டுமா?

விசுவாச வீரர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் உங்கள் ஆளின் பெயர் உண்டா என்றும் கேட்டார்கள். இல்லை. ஆனால் அதே அதிகாரம் முடிவில் பெயர் சொல்லாமல் ஒரு பெருங்கூட்டத்தைக் காட்டுகிறது. ஆட்டுத்தோலைப் போர்த்துத் திரிந்தவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள். அவர்களுக்கு உலகம் தகுதியானதாய் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பெயர் தெரியாதது நம்முடைய குறை, அவர்களுடையதல்ல. 1759இல் இதே கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அச்சானது. மொழிபெயர்த்தவர் பிலிப்பு தெ மெல்லோ, நம்முடைய தமிழர். இந்த மண்டபத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள். பாருங்கள்.

பெரியவர்களை நான் தாழ்த்த வரவில்லை. ஆபிரகாமுக்குக் குரல் கேட்டது. மோசே எரிகிற முட்செடியைப் பார்த்தார். கிதியோன் தோலைப் போட்டு இரண்டு தரம் அடையாளம் கேட்டார், கிடைத்தது. நானும் நீங்களும் காலையில் எழும்பி பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள். நமக்கு எந்தச் செடி எரிந்தது? எபெத்மெலேக்குக்கும் எதுவும் எரியவில்லை. எரேமியாவை மீட்கும்வரை கர்த்தர் அவரோடு பேசியதாக ஒரு வரிகூட இல்லை. வார்த்தை பிறகுதான் வந்தது. குரல் கேட்காமலே சரியானதைச் செய்தவர் அவர். நம்முடைய நிலைமைக்கு அவர்தான் வாத்தியார்.

குரலே கேட்காத இன்னொருத்தியைச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்பாள், சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. 2 சாமுவேல் 21. தேசத்தில் பஞ்சம். சவுல் செய்த பாவத்துக்காக அவருடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் ஏழு பேரைக் கொன்று மலையில் தூக்கிப் போட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அடக்கம் இல்லை. அவள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரித்தாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கியதிலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும் வரை அங்கேயே இருந்தாள். வழக்கமான மாரி மழைதான் அது என்றால் ஐந்தாறு மாதம். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களிடம் அண்டவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. செய்தி தாவீதுக்குப் போனது. அப்புறம்தான் ராஜா எழுந்தார். சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் போய் எடுத்து வந்தார், தூக்கிப் போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தார், அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. அக்கா, தாவீது உங்கள் கட்சி. அவரை எழுப்பி நடக்கவைத்தவள் எங்கள் கட்சி.

நடுவர் ஐயா, மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரு நிமிடம் தாருங்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தாய்மார் வந்து உட்கார்ந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரிஸ்பாளுக்கு உடலாவது கண் முன்னே இருந்தது. இவர்களுக்குப் படம் மட்டும். பதில் கேட்காமலே கண்ணை மூடிவிட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். பலர் சைவர்கள், ரிஸ்பாளின் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவளை எனக்கு விளங்கவைத்தவர்கள் அவர்கள். அந்த அதிகாரத்தை நான் சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் தாண்டிப் போயிருக்கிறேன். அவர்களைக் கண்ட பிறகு என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. வாசிக்கும்போது தொண்டை அடைக்கிறது, இப்போதும் அடைக்கிறது.

தலைப்பு, வெற்றி, தோல்வி, அதெல்லாம் உங்கள் கையில் ஐயா. எனக்குச் சபையிடம்தான் ஒரு கேள்வி. வருகிற ஞாயிறு உங்கள் ஆலயத்தில் மன்றாட்டு வேளை வரும். நாட்டுக்காக ஜெபிப்போம், தலைவர்களுக்காக ஜெபிப்போம். அதில் அந்தத் தாய்மாரையும் ஊர் சொல்லி ஜெபிப்பீர்களா? போதகர் மறந்தால் பின் வரிசையில் இருந்தாவது சத்தமாகச் சொல்வீர்களா? இதைக் கேட்கத்தான் இன்று இந்த மேடையில் ஏறினேன். நன்றி, வணக்கம்.