முத்துப்பேட்டைப் பலகையும் கறை படிந்த ஸ்க்ரூக்களும்

வணக்கம். ஆவணி மாதக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கென நான் வரைந்துவரும் பார்வையாளர் மையத்தில் மரநடைபாதை ஒன்று வருகிறது. அது உப்புநீரை எப்படித் தாங்கும் என்று அறிய, ஆறடி நீளத்தில் ஒரு மாதிரியைச் செய்து, ஜாம்பவானோடையில் ஒரு படகுக்காரரின் துறையில் அவருடைய அனுமதியோடு நிறுத்தியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் அது அங்கேயே நின்றது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பனை வாரைகளில் ஒரு பிளவுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையைச் சுற்றியும் பழுப்புக் கறை.

நான் கேட்டு வாங்கியது 316 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ. பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. கடையில் கொடுத்ததோ அதைவிட விலை குறைந்த 304 தரம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே மின்னும். காந்தம் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. 316-இல் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருக்கும்; உப்பிலுள்ள குளோரைடு எஃகின் மேற்படலத்தைத் துளைத்துக் குழி விழச் செய்வதைத் தடுப்பது அதுதான். நேற்றிரவே சோதனைத் துளியை விட்டுப் பார்த்தேன். மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறியிருக்க வேண்டும். இருபத்துநான்கு ஸ்க்ரூக்களில் ஒன்றுகூட மாறவில்லை. 304-இன் விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறேன். பணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மழைக்காலத்துச் சோதனை வீணானதை எப்படிப் பொறுப்பது?

ஒரு ஸ்க்ரூவுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்துக்கு அருகில் கஜா புயல் கரையைக் கடந்ததை நினைத்துப்பாருங்கள். எங்கள் தெருவில் தகரக் கூரைகள் போனபோது தகரம் கிழியவில்லை; ஆணிகளின் பிடிதான் முதலில் விட்டது. தென்னைகள் சாய்ந்து கிடந்த தோப்புகளின் வரப்பில் பனைகள் நின்றுகொண்டிருந்தன. வைரம் பாய்ந்த பனையைத் தவிர வேறு மரத்தை நான் இந்தக் கட்டடத்தில் சேர்க்க மறுப்பது அன்று பார்த்த காட்சியால்தான். கூரையையும் தாழ்வாக, நான்கு பக்கமும் சரியும்படி வரைந்திருக்கிறேன். முக்கோணச் சுவர் நிமிர்ந்து நிற்கும் இருபுறச் சரிவுக் கூரையைவிட இது புயற்காற்றை நன்றாகத் தாங்கும்.

லகூனின், அதாவது காட்டை ஒட்டிய கடற்காயலின், முகப்பிலேயே மூன்று மாடிக்குக் கண்ணாடிக் கோபுரம் எழுப்பலாமே என்று உங்களில் சிலர் மீண்டும் மீண்டும் கேட்கிறீர்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. கண்ணாடியில் வானம் தெரிந்தால் பறவைகள் அதை வானமென்றே எண்ணி மோதும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோரையாற்றில் படகு மெல்லச் செல்லும்போது இருபுறமும் அலையாத்தி மரங்கள் நெருங்கி நின்று வழியை மறைக்கின்றன, சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஈட்டி ஈட்டியாக நிமிர்ந்து நிற்கின்றன, பிறகு ஒரே கணத்தில் கரைகள் விலகி லகூன் திறந்துகொள்கிறது. அந்தக் கணத்தைப் பார்வையாளரிடமிருந்து பறிக்கும் எந்தக் கட்டடமும் அங்கே வரக்கூடாது. ஆகவே என் மையம் படகுத்துறைப் பக்கமே, தரையிலிருந்து தூக்கிய தூண்களின்மேல் நிற்கும். அங்கிருந்து லகூன் தெரியாது.

தரையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. நுழைவுக் கூடத்தின் தரையில் விரலகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். இங்கே வந்து சேரும் ஆற்றின் வரைபடம் அது: கல்லணையில் தொடங்கி, வெண்ணாறாக வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கோரையாற்றின் கோடு மட்டும் வாசலைத் தாண்டிப் படகேறும் படிவரை நீள்கிறது. மழை பெய்தால் அந்தக் கோட்டில் உண்மையாகவே நீர் ஓடும். இதுவரை வரைந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நடைபாதைப் பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி விட்டதும் சரியாகவே அமைந்தது: அடியில் சேற்றின்மேல் வெளிச்சம் கோடுகோடாக விழுவதை நேற்றுப் பார்த்தேன், இரண்டு புதிய மூச்சுவேர்கள் அந்த வெளிச்சத்தில் முளைத்திருந்தன. வேறு கடையில் 316 ஸ்க்ரூக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வந்ததும், இம்முறை மரத்தில் முடுக்குவதற்கு முன்பாகவே, துளிச் சோதனையை உங்கள் முன் செய்கிறேன்.